உன் இஷ்டம்தான், ஆனாலும்

அன்புள்ள மருமகனே,

நேற்று அக்கா போனில் ரொம்ப நேரம் பேசினாள். நீ தூங்குகிற நேரம், எழுந்திருக்கிற நேரம், சாத்தியே கிடக்கிற அறைக்கதவு எல்லாம் சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வளர்ந்த பையனைச் சாப்பிடச் சொல்லி மாமா கடிதம் போட்டால் நன்றாகவா இருக்கும்? (தயிர்சாதமாவது சாப்பிடு.) நான் எழுதுவது நீ ஆடுகிற ஸ்கைவர்ட் சோர்ட் வீடியோ கேம் பற்றி மட்டும்.

அதில் வரும் வில்லன் கிராஹிமிடம் நாலு தரம் தோற்றதும், கையை வீசி ஆடுகிற மோஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு பட்டனுக்கு மாறிவிட்டாயாம். இப்போது ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு படுத்தபடியே ஆட்டமாம். 2011-ல் பழைய வீ கன்சோலில் இது வந்தபோது பட்டன் என்கிற பேச்சே இல்லை. மோஷன்பிளஸ் இல்லாவிட்டால் ஆடவே முடியாது. 2021-ல் ஸ்விட்சுக்கு வந்தபோதுதான் பட்டனையும் சேர்த்தார்கள். எப்படி ஆடுவது என்பது உன் இஷ்டம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் பட்டனில் ஆடினால் வலது ஸ்டிக் முழுக்க வாளுக்கே போய்விடுகிறது. சுற்றுமுற்றும் பார்க்க எல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுக் கோயிலில் அந்தக் கண் கதவு இருக்கிறதே, வாளை வட்டமாகச் சுழற்றச் சுழற்ற அதுவும் கூடவே சுழன்று கிறுகிறுத்துப் போய் வழிவிடுமே, அதைக் கட்டைவிரலால் செய்து என்ன சுகம்?

கிராஹிமும் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. உன் வாள் இருக்கிற பக்கம் அவன் கை வரும், வீசினால் விரலாலேயே பிடித்துக்கொள்வான். ஒரு பக்கம் வாளைக் காட்டி நிறுத்து, அவன் கை அங்கே வரட்டும், சட்டென்று மறுபக்கத்திலிருந்து வெட்டு. வெட்டிய கையை மெதுவாகத் திருப்பிக் கொண்டு வா. வேகமாக இழுத்தால் அதையும் ஒரு வீச்சாக ஆட்டம் எடுத்துக்கொள்ளும். நீ அங்கேதான் கோட்டை விட்டிருப்பாய்.

உனக்கு ஏன் கை வரவில்லை என்று எனக்குத் தெரியும். நீ பீச்சாங்கை. ஆட்டத்தின் நாயகன் லிங்க்கும் ஒரு காலத்தில் நம் ஆள்தான். வீ வந்ததும், வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரர்கள் என்று அவனை மாற்றிவிட்டார்கள். 2006-ல் ட்வைலைட் பிரின்சஸ் ஆட்டத்தில் அவனை மட்டும் மாற்ற முடியாமல் உலகத்தையே கண்ணாடியில் பார்த்த மாதிரி புரட்டிப் போட்டார்கள். கேம்க்யூபில் கிழக்கில் இருந்ததெல்லாம் வீ-யில் மேற்கே போயிற்று. ஸ்கைவர்ட் சோர்டில் பிறவியிலேயே வலது கை. 2017-ல் பிரெத் ஆஃப் தி வைல்ட் வந்தது. அதில் வாள் வீச நாம் கையை ஆட்ட வேண்டியதே இல்லை, பட்டன்தான். பிறகும் ஏன் அவனுக்கு வலது கை? யார் கேட்கிறார்கள்!

நீ சின்னப் பையனாக மிருதங்கம் கற்கப் போனபோது அந்த வாத்தியாரும் இதைத்தானே செய்தார். கையை மாற்றிக்கொண்டால் வரட்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்றார். உங்கப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தை ஆச்சி சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பழனி சுப்ரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவருக்கு இணையாக வாசித்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இடது கைக்காரர் வாசித்தால் மேடையில் உட்காரும் பக்கம் மாறும், அவ்வளவுதான். அதற்காக ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவார்களா? மிருதங்கம் அன்றோடு போயிற்று. அப்புறம் டிரைவிங் கிளாஸ். அப்புறம் மார்ச்சில் அந்த வேலை... சரி, அதைப் பேசமாட்டேன் என்றேன், பேசவில்லை.

நீ கையை மாற்ற வேண்டாம். ஸ்விட்சின் வலது ஜாய்-கானை இடது கையில் பிடி. ஆட்டத்துக்கு எந்தக் கை என்று தெரியாது. நடப்பதற்கான ஸ்டிக் வலது கைக்குப் போகும், முதலில் தடுமாறும், பழகிவிடும். திரையில் லிங்க் வலது கையால் வீசிக்கொண்டிருப்பான். வீசட்டும், அது அவன் தலையெழுத்து. ஸ்விட்சை டிவியில் மாட்டு, ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் போடு, எழுந்து நின்று ஆடு. குறி விலகினால் ஒய் பட்டனை அமுக்கு. ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வை, வியர்க்கும்.

இல்லை, பட்டன்தான் சௌகரியம் என்றால் பட்டனிலேயே ஆடு ராஜா. படுத்துக்கொண்டே ஆடு. நீ எப்படி முடித்தாலும் எனக்குப் பெருமைதான். எட்டு வயதில் என் வீ ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு சோபாவில் ஏறி நின்று கத்துவாயே, அந்தத் தங்கம்தான் நீ எனக்கு இன்றைக்கும். பொங்கலுக்கு வரும்போது புது ஜாய்-கான் ஒரு ஜோடி வாங்கி வருகிறேன். அக்காவிடம் விலையைச் சொல்லாதே. ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்யலாம், கிராஹிம் விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
மாமா