கம்ப்யூட்டர் திடீரென்று சோர்ந்து போகிறதா? போட் இன்ஜின் சொல்லும் பாடம்

செய்யூர் தாலுகா, கடப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில் என் மாமா ஃபைபர் போட் வைத்திருக்கிறார். சுனாமிக்குப் பிறகு 2005-ல் வாங்கிய பழைய அவுட்போர்டு இன்ஜின் அது. பங்கு எவ்வளவு, மண்ணெண்ணெய் செலவு எவ்வளவு, வலைக் கடன் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் என் கம்ப்யூட்டரில் எக்ஸெல் ஃபைலாக இருந்தது.

ஒருநாள் ஆன் செய்த பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் ஆமை வேகமானது. பிறகு தானாகவே அணைந்தது. வைரஸ்தான் என்று முடிவு கட்டி, ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மறுநாளும் அதே பத்து நிமிடம், அதே சோர்வு! இரண்டு வருடக் கணக்கு போனதுதான் மிச்சம்.

மாமா திட்டவில்லை. "கடல்ல இன்ஜின் சோர்ந்தா உடனே பிரிச்சிப் போடமாட்டோம் மாப்ள. தண்ணி பீச்சுதா, எண்ணெய் வருதா, பொறி அடிக்குதான்னு வரிசையாப் பாப்போம். நீ என்னத்தப் பாத்த?" என்றார்.

அந்த வரிசையைத்தான் இங்கே படிக்கப் போகிறோம். தொடங்கும் முன், முக்கிய ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள்.

1. தண்ணி பீச்சுதா? (சூடு)

அவுட்போர்டு இன்ஜின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணிக்கிறது. பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால், உறிஞ்சும் வழியில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். சூடு ஏறியதும் சில இன்ஜின்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2000-ல் வந்த பென்டியம் 4 முதல் பிராசஸர்களும் இதையே செய்கின்றன. சூடு மேலும் ஏறினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

பயாஸ் திரையில் டெம்பரேச்சர் பாருங்கள். எந்த வேலையும் செய்யாமலே 80 டிகிரியைத் தாண்டினால் கோளாறு இங்கேதான். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டைத் திறந்து, ஹீட் சிங்க்கில் உள்ள தூசியை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். அப்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. எண்ணெய் வருதா? (மின்சாரம்)

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை மூடியிருந்தால் எண்ணெய் வராது, இன்ஜின் இழுத்து இழுத்து நிற்கும். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் பயனில்லை. அதேபோல், வீட்டில் கரண்ட் இருந்தாலும் கம்ப்யூட்டருக்குச் சரியாகப் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அணைகிறதா என்று கவனியுங்கள். மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

3. பொறி அடிக்குதா? (இணைப்பு)

ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்தால் பொறி சரியாக வராது. கம்ப்யூட்டரில் அந்த இடம் ராம். எங்களைப் போன்ற கடலோரத்து ஊர்களில் உப்புக் காற்று அதன் பித்தளை நிறப் பற்களை மங்கச் செய்துவிடும். பிளக்கைப் பிடுங்கியபின் ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள்.

4. புரொப்பல்லரில் வலை சிக்கியிருக்கா? (சுமை)

இன்ஜின் நன்றாக இருந்தும் போட் நகராவிட்டால், வலைத் துண்டு சுற்றியிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் எந்த புரோகிராம் சி.பி.யு.வை விழுங்குகிறது என்று தெரியும். வைரஸ் சந்தேகம் இந்த இடத்தில்தான் வர வேண்டும், முதலிலேயே அல்ல.

எப்போது சோர்கிறது என்பதே பாதி விடை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரம் ஓடியபின் என்றால் சூடு. நேரம் காலம் இல்லாமல் என்றால் மின்சாரமோ இணைப்போ. ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறந்தால் மட்டும் என்றால் பெரும்பாலும் சுமை.

என் கம்ப்யூட்டரில் கோளாறு முதல் படியிலேயே கிடைத்தது. ஹீட் சிங்க்கிலிருந்து ஒரு கைப்பிடித் தூசி வந்தது. அரை மணி நேர வேலை! மாமா வைத்திருந்த துண்டுச் சீட்டுகளைக் கொண்டு ஆறு மாதக் கணக்கை மீட்டோம். மீதி போனது போனதுதான். நீங்களாவது ஃபார்மட் செய்யும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்.