மண்டபத்துக்குள் வால்வு ஆம்ப்: எத்தனை வாட் போதும்?

வெள்ளகோவில் தம்பிக்கு,

கூரைக்குக் கீழே நடக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கு 5 முதல் 22 வாட் வரையுள்ள வால்வு கிட்டார் ஆம்ப் போதும். கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மண்டபத்தை நிரப்புவது மைக் செட்காரரின் பொறுப்பு. கிட்டார் ஆம்பின் வேலை மேடையோடு முடிகிறது. இருந்தும், ‘ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் 100 வாட் இல்லாமல் எப்படி வாசிப்பது?’ என்ற கேள்வி இளைஞர்களிடம் ஓய்வதே இல்லை. வாட்டைச் சத்தத்தின் அளவுகோலாக எண்ணிக்கொள்வதால் வரும் வினை இது.

வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இருமடங்காகக் காதில் பட ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக, 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைவிட இருமடங்கு சத்தம்தான் தரும். விலையும் எடையும் மட்டும் இந்தத் தயவைக் காட்டுவதில்லை.

ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். சாம்ப் என்ற ஆம்பில் ஒரே ஒரு 6வி6 வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், 5 வாட். பிரின்ஸ்டன் ரிவெர்பில் இரண்டு 6வி6, 10 அங்குலம், 12 வாட். டீலக்ஸ் ரிவெர்பில் அதே இரண்டு 6வி6, 12 அங்குலம், 22 வாட். ட்வின் ரிவெர்பில் நான்கு 6எல்6, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 85 வாட். டீலக்ஸிலிருந்து ட்வினுக்குத் தாவினால் வாட் கணக்கில் கிடைப்பது 6 டெசிபல்கூட இல்லை. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி15-இல் இரண்டு இஎல்84, ஏசி30-இல் நான்கு. இரண்டுக்கும் வித்தியாசம் அதே 3 டெசிபல்.

அப்படியானால் 100 வாட் ஆம்ப் எதற்காகப் பிறந்தது? 1965-இல் மார்ஷல் நிறுவனம் 100 வாட் ஆம்பைச் செய்தபோது, அரங்க ஒலிபெருக்கிகளில் பாடகரின் குரல் மட்டுமே போய்க்கொண்டிருந்தது. கிட்டார் தன் சத்தத்தைத் தானே கடைசி வரிசைவரை தள்ள வேண்டியிருந்தது. இன்று ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் மிக்ஸர் வழியாக மண்டபம் முழுவதும் போய்விடும். காரணம் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமப்பவர்கள் ஒழியவில்லை.

சிறிய ஆம்பைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. வால்வு ஆம்பை விரும்புகிறவர் விரும்புவது பெரும்பாலும் அது திணறத் தொடங்கும் இடத்தைத்தான். பவர் வால்வுகள் தங்கள் எல்லையைத் தொடும்போது அலையின் முகடு மழுங்குகிறது, ஸ்வரம் தடிக்கிறது, விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. 5 வாட் ஆம்ப் இந்த இடத்தை மேடையில் தாங்கக்கூடிய சத்தத்திலேயே எட்டிவிடும். 85 வாட் ஆம்பை அங்கே கொண்டுபோவதற்குள் தாலி கட்டும் ஐயரே எழுந்து வந்துவிடுவார். மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்பில் முன்நிலை வால்வுகளை மட்டும் திணறவைக்கலாம். ஆனால் அந்த ஒலி வேறு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் போட்டுச் சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் வால்வுகள் முழு உழைப்பும் உழைத்துத் தேயும், வெப்பமும் குறையாது. 1970-இல் மயாமியில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் குழு ‘லேலா’ தொகுப்பைப் பதிவு செய்தபோது சிறிய ஃபெண்டர் ஆம்ப்களையே பயன்படுத்தியது. சிறிய ஆம்ப் கற்றுக்குட்டிகளுக்கானது என்று சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம்.

வாட்டுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறன்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண். செலஸ்டியன் கிரீன்பேக் 98, அதே நிறுவனத்தின் புளூ 100. உணர்திறன் 95 உள்ள ஸ்பீக்கரில் 5 வாட் போனால் 1 மீட்டரில் சுமார் 102 டெசிபல் வரும். இது விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சலுக்குக் குறைந்ததல்ல. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த ஊரில் ‘5 வாட் கேட்குமா?’ என்று கேட்பது வேடிக்கை. 98-ஐ எடுத்துவிட்டு 95 ஸ்பீக்கரைப் போடுவது ஆம்பின் வாட்டைப் பாதியாக வெட்டுவதற்குச் சமம்.

இனி, பெரும்பாலானவர்கள் எண்ணிப் பார்க்காத பொருள் ஒன்று உண்டு: மண்டபமே. ஆம்பைப் பற்றி ஆயிரம் பேசுகிறவர் அது வைக்கப்படும் அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்ற புகார் எழுந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் தூக்கி வந்து அறையில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட விநாடி குறைந்தது. அதிலிருந்து அவர் கண்ட சூத்திரம் எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் விநாடியில் கிடைக்கும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் இந்தக் கணக்கின் துணையோடு கட்டப்பட்டது. சபைன் 1919-இல் இறந்தார். அவருடைய கட்டுரைகள் 1922-இல் நூலாக வந்தன. ஒலியைப் பற்றி எழுதுகிறவர்களில் இத்தனை தெளிவாக எழுதியவர்கள் சிலரே. வால்வைப் பற்றி அதே தரத்தில் படிக்க வேண்டுமானால் லாங்ஃபோர்டு-ஸ்மித் பதிப்பித்த ‘ரேடியோட்ரான் டிசைனர்ஸ் ஹேண்ட்புக்’கின் நான்காம் பதிப்பை எடுக்கலாம். தலையணை அளவுப் புத்தகம். கைப்பேசியில் பத்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் அதன் ஓர் அத்தியாயத்தையாவது பொறுமையாகப் படித்தால் கடைக்காரர்களின் பேச்சு பாதியாகக் குறையும்.

சூத்திரத்தை நம் மண்டபத்துக்குப் போடலாம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6 என்றால் கன அளவு 2,700 கன மீட்டர். தரை டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். இவை தங்கள் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒலியை உறிஞ்சுகின்றன என்று வைத்துக்கொண்டால், 1,440 சதுர மீட்டர் பரப்புக்கு 72 சதுர மீட்டர் உறிஞ்சல். எதிரொலி நேரம் 6 விநாடி. கோயில் கர்ப்பகிரகத்துக்குப் பொருந்தும், கிட்டாருக்கு ஆகாது. 500 பேர் வந்து உட்கார்ந்ததும் கதை மாறுகிறது. ஓர் ஆள் சராசரியாக 0.45 சதுர மீட்டர் உறிஞ்சினால் 225 கூடி 297 ஆகிறது. எதிரொலி நேரம் ஒன்றரை விநாடிக்கும் கீழே இறங்குகிறது. அறையில் தங்கி நிற்கும் ஒலியும் 6 டெசிபல் குறைகிறது. வாட்டில் சொன்னால் இது நான்கில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம்.

வரவேற்புக்கு முன், காலி மண்டபத்தில் ஆம்பைச் சோதிக்கிறவர் இரண்டு வகையில் ஏமாறுகிறார். காலியாக இருக்கும்போது ஒலி குழம்புகிறது. உடனே ட்ரெபிளைக் கூட்டுகிறார். ஆட்கள் நிறைந்ததும் சத்தம் இறங்குகிறது. ‘என் ஆம்ப் பத்தவில்லை’ என்று முடிவு கட்டி வால்யூமை ஏற்றுகிறார். அது கண்டு கீபோர்டுக்காரர் ஏற்றுகிறார், ரிதம் பேடு வாசிப்பவர் ஏற்றுகிறார், கடைசியில் பாடகர் மானிட்டர் கேட்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார். குறை ஆம்பில் இல்லை. மேடைக்குப் பின்னால் கனத்த துணித் திரை கட்டி, ஆம்புக்கு அடியில் ஜமக்காளம் விரித்தாலே அடுத்த வாட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி மிச்சம். மண்டபத்தில் எப்போதும் கிடைக்கும் பொருள்கள் இவை, கேட்டால் கொடுப்பார்கள்.

ஆம்பை வைக்கும் விதத்திலும் சத்தம் மிச்சமாகும். கிட்டார் ஸ்பீக்கரின் உயர் ஸ்தாயி ஒலி ஒளிக்கற்றையைப் போல நேராகப் பாய்வது. தரையில் வைத்தால் அது முழங்காலுக்கே போகும். வாசிப்பவர் காதுக்கு எட்டாமல் முன்வரிசைப் பாட்டியின் காதைத் துளைக்கும். ஒரு நாற்காலியில் ஏற்றி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் குறைந்த சத்தமே போதும். மைக்கை ஸ்பீக்கர் கோனின் மையத்திலிருந்து கொஞ்சம் விலக்கி, ஆம்பின் முன்துணிக்கு அருகில் வைக்க வேண்டும். 1965 முதல் வரும் ஷூர் எஸ்எம்57 மைக் இதற்கு ஏற்றது. வீட்டில் மெல்ல வாசித்து அமைத்த பேஸ், மேடையில் மிகுதியாகத் தோன்றும். குறைந்த சத்தத்தில் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே கேட்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஆகவே டோன் குமிழ்களை மேடைச் சத்தத்திலேயே அமைக்க வேண்டும்.

மின்சாரத்தில் நான்கு எச்சரிக்கைகள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இறக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். சீரியல் லைட்டும் டிம்மரும் ஓடும் இணைப்பிலேயே ஆம்பைக் கொடுத்தால் இரைச்சல் ஏறும். அதை அடக்க எர்த் பின்னைப் பிடுங்குவது உயிரோடு விளையாடுவது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். பெட்டியைத் திறக்கவும் கூடாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.

பழுதுபார்ப்பதையும் வாங்கும்போதே எண்ண வேண்டும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரித்த காலம் போய்விட்டது. இன்று புதிய வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. 12ஏஎக்ஸ்7, இஎல்84, 6வி6 போன்ற பரவலான வகைகளைக் கொண்ட ஆம்பே சிற்றூருக்கு நல்லது. அதிலும் சாம்ப், ஏசி15 போன்ற கேத்தோடு பயாஸ் (வால்வு தன் ஓய்வு மின்னோட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் முறை) உள்ள ஆம்பில் பவர் வால்வை மாற்றினால் மறுபடி பயாஸ் அளவை வைக்க வேண்டியதில்லை. டீலக்ஸ் ரிவெர்பில் அது தேவைப்படும். அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிக் கோவை வரை போக வேண்டிவரலாம்.

சட்டமும் சிறிய ஆம்பின் பக்கமே நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்கும் சமுதாயக் கூடங்களுக்கும் விலக்கு உண்டு. நம் மண்டபங்களில் பாதிக்கு மேல் ஜன்னலும் கதவும் திறந்தே கிடப்பவை. அவற்றை மூடிய அரங்கம் என்று வாதாடுவது கடினம்.

முடிவாக: கீபோர்டும் பேடும் மட்டும் உள்ள குழுவுக்கு, நல்ல உணர்திறன் உள்ள ஸ்பீக்கரோடு 5 வாட். உண்மையான ட்ரம்ஸ் இருந்தால் 15 வாட். திணறாத, சுத்தமான ஒலியே வேண்டுபவருக்கு 20 அல்லது 22 வாட். மூன்றுக்கும் மைக் கட்டாயம். கிட்டார் ப்ராஸஸரை நேரே மிக்ஸரில் செருகி நிறைவோடு வாசிப்பவருக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை.

அன்புடன்,
வாத்தியார்