இருப்புநிலைக் குறிப்பில் ஏறாத சொத்து



ஊழியரின் திறன், அவர்கள் வீடு திரும்பிய பின்னும் அலுவலகத்தில் தங்கிவிடும் மென்பொருளும் காப்புரிமையும் நடைமுறைகளும், வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அறிவுசார் மூலதனம் எனப்படும். சென்னை தியாகராய நகரில் 1928-இல் தொடங்கிய நல்லி பட்டுக் கடையின் பெயரைக் கேட்டாலே கல்யாண வீட்டாருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் அதைப் போல ஒரு நிறுவனம் தானே வளர்த்தெடுத்த பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரநிலை 38 இடம் தருவதில்லை. அந்தப் பெயரை வளர்க்க ஆன செலவைத் தொழிலை வளர்க்க ஆன பிற செலவுகளிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே அதற்குக் காரணம். அதே பெயரை வேறொருவர் விலைக்கு வாங்கினாலோ, கொடுத்த விலை புலனாகாச் சொத்தாக, அதாவது உருவமற்ற சொத்தாக, வாங்கியவர் ஏட்டில் ஏறிவிடும். ஊழியரின் திறனுக்கும் பெரும்பாலும் ஏட்டில் இடமில்லை. விலகிச் செல்லக்கூடியவர் மீது நிறுவனத்துக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை என்று தரநிலை கருதுகிறது.

தானே உருவாக்கும் மென்பொருள் போன்றவற்றுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டத்தில் ஆகும் செலவு அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கிலேயே கழிந்துவிடும். பொருளை முடிக்க முடியும், அது வருவாய் தரும், செலவை நம்பகமாக அளக்கலாம் என்பன போன்ற நிபந்தனைகள் நிறைவேறிய பின் ஆகும் மேம்பாட்டுச் செலவு சொத்தாகும். அடையாற்றை ஒட்டிய சர்தார் படேல் சாலையில் இயங்கும் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸின் ஆண்டறிக்கையில், தானே உருவாக்கிய மென்பொருள் புலனாகாச் சொத்தாக இடம்பெறுவதைக் காணலாம்.

இவ்வாறு ஏட்டில் விடுபட்டதைச் சொல்ல, ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனம், தன் அதிகாரி லேஃப் எட்வின்சன் வழிகாட்ட, 1994-ஆம் ஆண்டறிக்கைக்குத் தனி இணைப்பே வெளியிட்டது. இந்தியாவில் இன்ஃபோசிஸ், 1971-இல் வெளியான லெவ்–ஷ்வார்ட்ஸ் முறைப்படி, ஊழியர் ஓய்வுபெறும் வரை ஈட்டக்கூடிய ஊதியத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டு, மனித வள மதிப்பை ஆண்டறிக்கையில் காட்டியது. துணிவான முயற்சிதான், எனினும் ஊதியம் உயர்ந்தாலே மதிப்பும் உயர்ந்துவிடுவதும், இடையில் விலகுவோர் கணக்கில் வராததும் அதன் பெருங்குறைகள்.

இத்தகைய ஒரே ரூபாய்த் தொகையைவிட, ஆண்டுதோறும் ஒரே அளவுகோலில் வெளியாகும் எளிய எண்களே நம்பத்தக்கவை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களிடம் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாகக் கேட்கும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் (BRSR), நிரந்தர ஊழியர் விலகல் விகிதம் மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. அதைத் திறன் பயிற்சி பெற்றோரின் விகிதத்துடன் சேர்த்துப் படித்தால், பயிற்றுவித்த ஆட்களை நிறுவனம் தக்கவைத்துக்கொள்கிறதா, பிறருக்குத் தாரைவார்க்கிறதா என்பதை ஓரளவு கணிக்கலாம்.