ஓதமும் பூநாரையும்: தாணே உப்பங்கழியில் ஒரு களப்பாடம்

மாணவரை உப்பங்கழிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் முதற்கண் நோக்கவேண்டியது கடிகாரத்தையன்று, ஓத அட்டவணையையே. இதனை மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே கிடக்கும் தாணே கழியைக் கொண்டு விளக்குவோம். இங்கு ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பரப்பு 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கீழ்க்கரையிலுள்ள ஐரோலியிலிருந்து படகில் செல்லலாம்.

கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஒரு வாரத்தில் இப்பிந்துதல் ஏறக்குறைய ஆறு மணி நேரமாகிவிடும். ஆதலின், சென்ற வாரம் காலையில் சேற்றுவெளியில் பறவைத் திரளைக் கண்டவர், இவ்வாரம் அதே வேளையில் வெறும் நீர்ப்பரப்பையே காண நேரும். நீர் முற்றிலும் வற்றினாற் படகு ஓடாது. முற்றிலும் நிறைந்தாற் பறவைகள் அகன்றுவிடும். இடைப்பட்ட வேளையே உகந்தது.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அமிழ்த்தி இரை தேடுகிறது. நாக்கு இறைப்பான் போல் நீரை இழுத்துத் தள்ள, அலகினுள் உள்ள நுண்தகடுகள் இரையை வடித்தெடுக்கின்றன. சிறு பூநாரையின் தகடுகள் மிக நெருக்கமானவை. அது நுண்பாசிகளை உண்கிறது. பெரும் பூநாரையோ புழு, சிறு நத்தை, இறாலினத்துச் சிற்றுயிர் ஆகியவற்றை உண்கிறது. எனவே இவ்விரண்டும் ஒரே சேற்றில் பெரும்பாலும் போட்டியின்றி வாழ்கின்றன. இறாலைத் தின்றே பூநாரை சிவக்கிறது என்று சொல்வாருளர். சிறு பூநாரையைப் பொறுத்தவரை அந்நிறம் பாசியிலுள்ள நிறமிகளால் வருவது.

இப்பாசி ஏன் இங்கு செழிக்கிறது? நகரக் கழிவுநீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துக்களும் ஒரு காரணமாகும். எனவே சாக்கடை நன்மையே செய்கிறது என மாணவர் முடிவு கட்டக்கூடும்; அதனை உடனே திருத்துக. அதே நீருடன் உலோக நச்சுக்களும் வருகின்றன. சத்து அளவுமீறின் பாசி மிகுந்து அழுகும். அழுகல் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்க, மீன்கள் மடியும்.

கரையோரம் வெண்கண்டல் மரங்கள் அடர்ந்துள்ளன. சேற்றிற் காற்றில்லாமையால் இவற்றின் வேர்கள் மேல்நோக்கி எழுந்து மூச்சுவிடுகின்றன. இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், அது கசியவிட்ட உப்புப் பளிங்குகள் தெரியும். நாவால் சுவைத்தல் இக்கழியில் வேண்டா.

ஏற்றத்தின்போது பறவைகள் எங்குச் செல்கின்றன என்பதே முக்கியமான வினா. அவை நவி மும்பையிலும் பிறவிடங்களிலும் உள்ள ஆழமற்ற நீர்நிலைகளில் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுட் பல சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளவை. அவை தூர்க்கப்படின், கழியைக் காத்தும் பயன் குறைவே. நகர வானமும் இப்பறவைகளுக்குத் தீங்கற்றதன்று. 2024 மே மாதத்தில் வானூர்தி ஒன்று மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மும்பையில் மாண்டன.

களப்பயிற்சி: அளவு குறித்த கோலொன்றைக் கரையோரச் சேற்றில் நடுக. அரைமணிக்கொருமுறை நீர்மட்டத்தையும் பறவைகளின் தோராயமான எண்ணிக்கையையும் எழுதுக. திரள் எழுந்து பறக்கும் திசையைத் திசைகாட்டியாற் குறித்து, அத்திசையிலுள்ள நீர்நிலை யாதென வரைபடத்தில் தேடுக.