தாவரச் சாறும் கொசு ஒழிப்பும்: ஆய்வுக்கூடக் கணக்கும் களக் கணக்கும்

நம் நாட்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியது. அப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. டி.டி.டி. தெளிப்பின் பயனாக 1965இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்தது. ஆனால் 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. கொசுக்கள் மருந்தை எதிர்க்கும் திறன் பெற்றதும், கண்காணிப்பு தளர்ந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். பின்னர் நிலைமை பெரிதும் சீரடைந்தது. 2023இல் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 2.27 லட்சம். 2030க்குள் மலேரியாவை அறவே அகற்றுவது நாட்டின் குறிக்கோள்.

ஒரே இரசாயனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை இவ்வரலாறு உணர்த்தியது. எனவே வேம்பு, நொச்சி, துளசி போன்ற தாவரங்களின்பால் ஆய்வாளர் கவனம் திரும்பியது இயல்பே. இவ்வாய்வுகளின் முடிவுகளை மாணவர்களும் அலுவலர்களும் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

சோதனை கூறுவது என்ன?

உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள முறைப்படி, மூன்றாம் பருவ முடிவில் அல்லது நான்காம் பருவத் தொடக்கத்தில் உள்ள கொசுப்புழுக்கள், கிண்ணத்திற்கு 25 வீதம், பல்வேறு செறிவுள்ள சாறு கலந்த நீரில் விடப்படுகின்றன. 24 மணி நேரம் கழித்து இறந்தவை எண்ணப்படுகின்றன. சாறு கலவாத கிண்ணங்களும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். அவற்றில் 20 விழுக்காட்டுக்கு மேல் புழுக்கள் இறந்தால் சோதனையே செல்லாது. 5 முதல் 20 விழுக்காடு வரை இறந்தால் முடிவைத் திருத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, சாறிட்ட நீரில் 82 விழுக்காடும் வெறும் நீரில் 10 விழுக்காடும் இறந்தன எனக் கொள்வோம். 82இலிருந்து 10ஐக் கழித்து, 100இலிருந்து 10ஐக் கழித்து வரும் 90ஆல் வகுத்தால், சாற்றினால் நேர்ந்த உண்மையான இறப்பு 80 விழுக்காடு என்பது தெளிவாகும்.

ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் புழுக்களில் பாதியைக் கொல்லும் செறிவையே தருகின்றன. களத்தில் பாதி போதாது. எஞ்சிய பாதியும் கொசுவாகிப் பறக்கும்.

ஒரு குட்டையின் கணக்கு

10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உடைய குட்டையில் 50,000 லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாறு தேவையெனில், அக்குட்டைக்கு 5 கிலோ சாறு வேண்டும். உலர்ந்த இலையிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு சாறு கிடைப்பதாகக் கொண்டால், 100 கிலோ உலர் இலை தேவைப்படும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்னும் அளவில் டெமிபாஸ் மருந்து இடுவதானால் 50 கிராம் மூலப்பொருள் போதும்.

அடுத்தது காலக் கணக்கு. வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். மழைக்காலத்தின் 120 நாட்களில், மூன்று நாள் மட்டும் வீரியம் நிற்கும் சாற்றை 40 முறை இட வேண்டும். பத்து நாள் நிற்பதை 12 முறை இட்டால் போதும். செலவின் பெரும்பகுதி மருந்தின் விலையன்று, ஆள் கூலியே என்பது இதனால் விளங்கும். இலை இலவசமாகக் கிடைப்பதால் முறை மலிவானது என்று முடிவு செய்வது பொருளாதார நோக்கில் தவறாகும்.

பைரீத்ரம் தரும் பாடம்

1930களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பகுதியில் பால் ரசல், பிரெட் நைப் ஆகியோர், சாமந்தி இனப் பூவிலிருந்து பெறப்படும் பைரீத்ரத்தை வீடுகளில் வாரந்தோறும் தெளித்து மலேரியாவைக் குறைக்க முயன்றனர். தாவர மருந்து கிராமத்திலும் பயன்படும் என்பதை அப்பணி காட்டியது. ஆயினும் பைரீத்ரம் ஒளியில் விரைவில் சிதைவதால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருந்தது. ஒரு முறை தெளித்தால் பல மாதம் நிற்கும் டி.டி.டி. வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. பின்னர், 1973இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் அதே தாவர மூலக்கூறைப் பின்பற்றி, ஒளியில் எளிதில் சிதையாத பெர்மெத்ரினை அறிவித்தது. இன்றைய மருந்தூட்டிய கொசுவலைகள் இவ்வகை மருந்துகளையே பெரிதும் சார்ந்துள்ளன. தாவரம் தந்த வடிவம், நீடித்து நிற்கும் தன்மை பெற்ற பின்னரே பெரும் பயன் விளைந்தது.

தாவரத்திலிருந்து வந்ததால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பைரீத்ரம் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்களை விட்டு வளர்க்கும் நீர்நிலையில் அதை இட்டால், இலவசமாக உழைக்கும் துணையை நாமே அழித்தவராவோம்.

வேம்பின் இடம்

தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து உடலில் பூசியபோது, அனோபிலிஸ் கொசுக்கடியிலிருந்து 12 மணி நேரம் பாதுகாப்புக் கிடைத்ததாக நம் நாட்டு ஆய்வு ஒன்று 1993இல் அறிவித்தது. இது பயனுள்ள செய்தி. ஆனால் பூசிக் கொண்டவர்க்கே இப்பாதுகாப்பு. கொசுவின் பெருக்கம் இதனால் குறையாது. நாள்தோறும் எண்ணெய் வாங்கும் செலவும் குடும்பத்தின் மீதே விழுகிறது. கொசுவலைக்கு இது துணையாகலாம், மாற்றாகாது.

அலுவலர் கேட்க வேண்டியவை

ஒரு தாவர மருந்து பரிந்துரைக்கப்படும்போது நான்கு கேள்விகளை எழுப்புதல் நலம். வெயிலிலும் கலங்கல் நீரிலும் அதன் வீரியம் எத்தனை நாள் நிற்கும்? ஒவ்வொரு தொகுதியிலும் மூலப்பொருளின் அளவு ஒரே சீராக இருக்குமா? மீனுக்கும் கால்நடைக்கும் குடிநீருக்கும் தீங்கில்லை என்பது சோதிக்கப்பட்டதா? ஒரு பருவத்தில் ஒருவரைக் காக்க, கூலி உட்பட, ஆகும் செலவு என்ன?

இவற்றுக்கு விடை கிடைக்கும் வரையில் இத்தகைய சாறுகளைச் சிறிய நீர்த்தேக்கங்களில் முன்னோடி முயற்சியாகப் பயன்படுத்தலாம். மாவட்டத்தின் மருந்துத் தெளிப்பையோ இரத்தப் பரிசோதனையையோ அதன்பொருட்டுக் குறைத்தல் கூடாது. மலேரியா மிகுந்த மாவட்டங்கள் பலவும் காடும் மலையும் சூழ்ந்த ஏழை மாவட்டங்களே. அங்கு வீணாகும் ஒரு பருவத்தின் விலையைச் செலுத்துபவர்கள் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாருமே என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ள வேண்டும்.