லாடத்துக்காகக் குளம்பை இழைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிவந்த கத்தியவாரிப் பெண் குதிரைக்கு லாடம் கட்டியதைப் பற்றி நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். படங்களையும் பார்த்தேன். தொழிலின் பாலபாடம் உனக்குத் தெரியும். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முன்னங்கால் படத்தில் குளம்பின் வெளிச்சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. லாடத்துக்கு வெளியே துருத்தியதை அரத்தால் இழைத்துச் சமமாக்கியதாக நீயே எழுதியிருக்கிறாய். சின்ன லாடத்தை எடுத்துக்கொண்டு அதற்காகக் குளம்பைக் குறைத்திருக்கிறாய்! உலையும் சுத்தியலும் பக்கத்திலேயே இருந்தன. இரும்பை வளைத்திருக்கலாமே? குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. முன்சுவர் மேலிருந்து தரைவரை புதிதாக இறங்கிவர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சுவர் மெலிந்துவிட்டால் அடுத்த முறை ஆணி எதைப் பிடித்து நிற்கும்?

அடுத்தது, அந்தக் கடைசி ஆணி. பிடிப்பு பலமாக இருக்கட்டும் என்று குதிப்பக்கம் தள்ளி அடித்திருக்கிறாய். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பக்கம் சற்று விரியும், தூக்கும்போது சுருங்கும். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி இறங்கினால் அந்த விரிவு பூட்டிக்கொள்ளும். நாளடைவில் குதி ஒடுங்கிப்போகும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அந்தக் குதிரை எப்படி நடந்தது என்று உன் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. காலைத் தூக்குமுன் நடக்கவிட்டுப் பார் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! குளம்பின் எந்தப் பக்கம் முதலில் தரையில் படுகிறது? எந்த முன்னங்காலை ஊன்றும்போது தலை மேலே போகிறது? பழைய லாடம் எங்கே தேய்ந்திருக்கிறது? நுனி நீண்டு குதி தாழ்ந்திருந்தால், காலின் பின்னால் ஓடும் தசைநார் ஒவ்வோர் அடியிலும் இழுபடும். குதிரை நடந்து காட்டும். நாம்தான் நின்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் ஜட்கா வண்டிக்காரர்களைத் தெருக்கோடிவரை குதிரையை நடத்திவரச் சொல்வார். சவாரி போய்விடுமே என்று அவர்கள் பதறுவார்கள். அவர் அசையமாட்டார். தார்ச்சாலையில் குளம்புச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். எந்தக் காலின் சத்தம் தணிந்து கேட்கிறதோ, அவர் கை அந்தக் காலுக்குத்தான் முதலில் போகும். அரைவயிற்றுத் தீனியில் ஆள்பாரம் இழுத்த குதிரைகள் அவை. பிற்பாடு கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்கு அலுமினிய லாடம் கட்டியபோதும் ‘குதிரை எப்படி நடக்கிறது?’ என்று அவர் சொல்லித்தந்த அந்தக் கேள்விதான் எனக்குக் கைகொடுத்தது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீ அடித்த ஆணிகளின் முனைகள் எல்லாம் சுவரின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரே வரிசையில் வெளிவந்திருக்கின்றன. ஒன்றுகூட உள்சதையைத் தொடவில்லை. இப்படி ஒரு கை அபூர்வம் தம்பி, மிக அபூர்வம். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஆறு வாரத்தில் அந்த லாடத்தைக் கழற்று. ஓர் அளவு பெரிதாக எடுத்து, குதிப்பக்கம் கொஞ்சம் அகலம் விட்டுக் கட்டு. வெளிச்சுவரில் அரம் படவே கூடாது. அடுத்த குறிப்பின் முதல் வரியில் அவள் எப்படி நடந்தாள் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்