மருந்தும் மயக்கமும்

(இளம் அறிவியல் வேதியியல், மூன்றாம் ஆண்டு)



ஆண்டு மலரில் வேதியியல் துறையின் சார்பாக ஒரு கட்டுரை இடம்பெறுவது வழக்கம். உரங்கள், சாயங்கள், காற்று மாசு என்று எனக்கு முன் படித்த அண்ணன்மார் எழுதிச் சென்றிருக்கிறார்கள். இம்முறை என்னை எழுதப் பணித்தபோது, நாள்தோறும் நான் விழுங்கும் ஒரு வேதிப்பொருளைப் பற்றியே எழுதினால் என்ன என்று தோன்றியது. அதன் பெயர் பெனிடாயின். வலிப்பு நோய்க்குத் தரப்படும் மருந்து.

ஆம், எனக்கு வலிப்பு நோய் உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது தொடங்கியது. விடுதியில் என் அறைத்தோழன் ஒருவனைத் தவிர இக்கல்லூரியில் எவருக்கும் இது தெரியாது. மாத்திரைகளைப் பழைய பல்பொடி டப்பா ஒன்றில் போட்டு, பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே வைத்திருந்தேன். "அக்கா கல்யாணம் முடியுற வரைக்கும் யார் காதுக்கும் போக வேண்டாம்டா" என்பது அம்மாவின் கட்டளை. அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாகக் குறிக்கப்பட்டிருந்தது. அச்சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கியது 1999-இல்தான். ஊரார் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

நோயைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் நரம்பணுக்கள் சிறு மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளதென்றும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. 'கால்கை வலிப்பு' என்பதே மக்கள் வாயில் 'காக்காய் வலிப்பு' என்று திரிந்தது என்பர். காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கையில் திணிக்கும் சாவிக்கொத்துக்கும் தொடர்பில்லை. எவரேனும் வலிப்பில் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூனைகள் காட்டிய வழி

வலிப்பு மருந்தின் வரலாறு ஒரு வகையில் மயக்கத்தின் வரலாறே ஆகும். 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதாகக் கூறினார். நோயாளிகள் நாள் முழுதும் மந்தமாகக் கிடந்தார்கள். 1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் பினோபார்பிட்டோன் என்னும் தூக்க மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, தூக்கத்தோடு வலிப்பும் அடங்கக் கண்டார். மயக்கும் பொருளே வலிப்பை அடக்கும் என்று மருத்துவ உலகம் அதன்பின் ஏறக்குறைய நம்பிவிட்டது.

பெனிடாயினை 1908-லேயே ஹைன்ரிக் பில்ட்ஸ் என்னும் ஜெர்மானிய வேதியியலார் ஆக்கியிருந்தார். அது தூக்கம் தரவில்லையாதலால் பயனற்றதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெரிட், பட்னம் என்னும் இருவர், பூனைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து வலிப்பு உண்டாக்கி, எந்தப் பொருள் அதைத் தடுக்கிறது என்று வரிசையாகச் சோதித்தார்கள். அவ்வரிசையில் தேறியது இந்த ஒதுக்கப்பட்ட பொருள். 1938-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறங்க வைக்காமலேயே வலிப்பைத் தடுக்க முடியும் என்பது அன்று பெரிய செய்தி. நரம்பணுவின் மேலுறையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை, அதிலும் மிகு வேகத்தில் துடிக்கும் அணுக்களின் வாயில்களை, இம்மருந்து அடைக்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 1939-லேயே, இதை உண்போருக்கு ஈறு வீங்குகிறது என்ற செய்தியும் வெளியாயிற்று. நன்மையும் தொல்லையும் ஓராண்டு இடைவெளியில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம்.

நான் செய்த பிழை

எனக்கு விதிக்கப்பட்டது நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு. முதலாம் ஆண்டில், முதல் மணி வகுப்பில் என் கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். பேராசிரியர் ஒருவர் இரண்டு முறை, "போய் முகம் கழுவிக்கொண்டு வா, தம்பி" என்று அனுப்பியிருக்கிறார். இரவுக்காட்சி சினிமாவுக்குப் போய் வந்தவன் என்று அவர் எண்ணியிருக்கலாம். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பருவத்தேர்வு நெருங்கியது. படித்தது மனத்தில் நிற்கவில்லை. மாத்திரைதான் எதிரி என்று முடிவு கட்டி, எவரையும் கேட்காமல் மூன்று நாள் நிறுத்தினேன். முதல் நாள் தெளிவாக இருந்ததுபோல் தோன்றியது. மறுநாளும் அப்படியே. இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் படித்தேன். மூன்றாம் நாள் இரவு குளியலறை வாயிலில் விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டதால் இரண்டு நாள் பேச முடியவில்லை. தேர்வில் ஒரு தாள் போயிற்று. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விட்ட நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும். சில வேளைகளில் அடங்காத தொடர் வலிப்பாகி உயிருக்கே கேடாகும். எனக்கு ஒரு தாளோடு போயிற்று.

இதைவிடப் பெரிய பிழையை அடுத்த வாரம் செய்தேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா, தம்பி?" என்று மருத்துவர் கேட்டார். அப்பா அருகில் நின்றிருந்தார். "சாப்பிட்டேன் சார்" என்றேன். ஒழுங்காக உண்டும் வலிப்பு வந்ததென்றால் அளவு போதவில்லை என்றுதானே எந்த மருத்துவரும் எண்ணுவார்? அளவு 400 ஆயிற்று.

பேருந்தில் நடந்தது

மூன்று வாரம் சென்றிருக்கும். காலையில் எழுந்தால் தரை படகுபோல் ஆடியது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பேச்சில் குழறல். அன்று விடுமுறை முடிந்து ஊரிலிருந்து கல்லூரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்தில் கம்பியைப் பிடித்தும் நிற்க முடியாமல் ஒரு பெரியவர் மீது சாய்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அதுவும் குழறியது. "ஏம்ப்பா, காலங்காத்தால இப்படியா? இறங்கு, இறங்கு" என்று நடத்துநர் விசில் அடித்துவிட்டார். "படிக்கிற புள்ளையாட்டம் இருக்குது" என்று ஓர் அம்மாள் பின்னாலிருந்து சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. என் பையில் மாத்திரையும் மருத்துவச் சீட்டும் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. குடிகாரன் என்ற பெயரைவிட வலிப்புக்காரன் என்ற பெயர் பெரிது என்று அன்று எனக்குத் தோன்றியது.

அறைத்தோழன்தான் என்னை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றான். மருத்துவர் தம் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி, கண்ணால் அதைத் தொடரச் சொன்னார். என் கருவிழிகள் துடித்துத் துடித்து நகர்ந்தன. குதிகாலும் நுனிவிரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாம் அடியில் சாய்ந்தேன். "இரத்தத்தில் மருந்து மிகுதியாகிவிட்டது, சிறுமூளை தாங்கவில்லை" என்றார். சோதித்ததில் ஒரு மில்லிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம். இருக்கத்தக்கது 10 முதல் 20 வரை. அப்போதுதான் மூன்று நாள் நிறுத்திய கதையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏற்றியே இருக்க மாட்டேனே" என்றார்.

ஒரு மாத்திரையைக் கூட்டியதற்கு இத்தனை ஆட்டமா என்று கேட்கலாம். இங்கேதான் நம் பாடநூல் வந்து நிற்கிறது. 1913-இல் மைக்கேலிஸ், மென்டன் இருவரும் வகுத்த நொதிச் சமன்பாட்டை நாம் படித்திருக்கிறோம். பெனிடாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. பெரும்பாலான மருந்துகள் அந்த உச்சத்துக்கு வெகு கீழே நின்றுவிடுகின்றன. அளவை இரட்டித்தால் இரத்தத்திலும் இரட்டிக்கும், அவ்வளவே. பெனிடாயினோ வழக்கமான அளவிலேயே உச்சத்தை நெருங்கிவிடுகிறது. நியாயவிலைக் கடையில் நாளொன்றுக்கு நூறு அட்டைக்குப் பொருள் தர முடியும் என்று கொள்வோம். தொண்ணூறு பேர் வந்தால் வரிசை அன்றன்றே தீரும். நூற்றுப்பத்துப் பேர் வரத் தொடங்கினால் வரிசை நாளுக்கு நாள் நீண்டு தெருவை அடைக்கும். என் கல்லீரலில் நிகழ்ந்தது அதுவே.

அளவு மீண்டும் 300-க்கு இறங்கியது, ஆட்டம் நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் சிறிய வலிப்பு வந்தது. இம்முறை ஒரு வேளையும் விட்டிருக்கவில்லை. அதை நிறுவ என்னிடம் குறிப்பேடும் இருந்தது. இரத்த அளவு 9. மருத்துவர் நூறைக் கூட்டவில்லை, ஐம்பதே கூட்டினார். அளவு 15-இல் நின்றது. 300-க்கு 9, 350-க்கு 15, 400-க்கு 27! மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடினால் இரத்தத்தில் மும்மடங்கு ஆகிறது. வரைபடத்தாளில் இம்மூன்று புள்ளிகளையும் குறித்துப் பார்த்தேன். வகுப்பில் புரியாதது அன்று புரிந்தது.

குறிப்பேடு

மருத்துவர் சொல்லித் தொடங்கிய நாற்பது பக்கக் குறிப்பேடு அது. மாத்திரை உண்ட நேரம், உறங்கிய நேரம், தலைசுற்றல், தூக்கம், ஈறு என்று கட்டங்கள். அதைப் பார்த்தே, காலை மாத்திரையின் ஒரு பகுதியை இரவுக்கு மாற்றினார் மருத்துவர். முதல் மணித் தூக்கம் பெரிதும் குறைந்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அத்தூக்கத்தில் பாதி மாத்திரையால் வந்தது, மறுபாதி நள்ளிரவுப் படிப்பால் வந்தது என்பதையும் அந்த ஏடே காட்டிக்கொடுத்தது.

ஈறு வீக்கத்துக்கு நாள்தோறும் இருமுறை மென்மையான தூரிகையால் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காறையை அகற்றிக்கொள்கிறேன். அழுக்குப் படியாத ஈறு அவ்வளவாக வீங்குவதில்லை. இம்மருந்து வைட்டமின் டி-யை விரைவில் சிதைத்து எலும்பை மெலிவிக்கக் கூடியது. ஆகவே சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1968-69-இல் பெனிடாயின் உண்ட பலருக்கு ஒரே காலத்தில் தள்ளாட்டம் கண்டது. மருந்தின் அளவு மாறவில்லை. குளிகையை நிரப்பப் பயன்பட்ட கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். கால்சியம் தடுத்துவந்த மருந்தெல்லாம் குடலில் உறிஞ்சப்பட்டுவிட்டது! மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுகிறேன். வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போனாலும் பெனிடாயின் உண்பதை முதலில் சொல்கிறேன். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் இதன் இரத்த அளவை ஏற்றிவிடும், ரிபாம்பிசின் இறக்கிவிடும்.

நாமாக நிறுத்தக்கூடாது என்ற விதிக்கு அவசர விலக்கு ஒன்றுண்டு. புதிதாகத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு தோலில் சிவந்த தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால், அடுத்த வேளை மாத்திரையை விழுங்கு முன்னரே அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மாணவியருக்கும் ஒரு சொல். வால்புரோயேட் என்னும் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை காணப்படுகிறது. பிற்காலத்தில் அறிவு வளர்ச்சியும் குன்றலாம். லெவெடிரசெட்டாம், லாமோட்ரிஜின் போன்றவற்றில் இவ்விடர் மிகக் குறைவு. திருமணப் பேச்சு எழும்போதே மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுவது நலம். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, அங்கே விழுந்து அடிபட்டுத் திரும்பிய ஒருவரை மருத்துவமனை வரிசையில் கண்டிருக்கிறேன்.

அக்காவுக்குச் சென்ற தை மாதம் திருமணம் முடிந்தது. இக்கட்டுரையை எழுத அம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எழுது, ஆனா அந்த பஸ்காரன் கதையையும் சேத்து எழுது" என்றார். பல்பொடி டப்பா இப்போது மேசைமேல் இருக்கிறது.

இறுதித் தேர்வு முடிந்தபின் என்னை லெவெடிரசெட்டாமுக்கு மாற்றலாம் என்று மருத்துவர் எண்ணுகிறார். ஒன்றைச் சிறிது சிறிதாக ஏற்றி, மற்றதைச் சிறிது சிறிதாக இறக்கப் பல வாரங்கள் ஆகுமாம். அம்மருந்தில் ஈறு வீங்காது. ஆனால் சிலருக்கு எரிச்சலும் சினமும் மிகும், மனச்சோர்வும் வரலாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். குறிப்பேட்டில் 'கோபம்' என்று புதிய கட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். அதை நான் நிரப்பினால் உண்மை வராது என்று சொல்லி, அறைத்தோழன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.